கத்தரிப்பூக் கரை

எங்கள் குடும்பத்து ஆண்கள் கத்தரிப்பூக் கரை போட்ட வேட்டிதான் கட்டுவோம். என் பாட்டனார் காலத்தில் காஞ்சிபுரத்துத் தறியில் சொல்லி நெய்து வாங்கத் தொடங்கியது. இரண்டு விரல் அகல ஊதாக் கரை. ஊரில் வேறு யாரும் அதைக் கட்டுவதில்லை. கட்டக் கூடாது என்று நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை. எங்களிடம் வேலை செய்கிறவர்களுக்குப் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வேட்டி கொடுப்போம். அது கரையில்லாத வெள்ளை மல்.

அந்தக் கரையை வைத்துத்தான் கிருஷ்ணசாமி என் தம்பியைக் கொன்றான்.

கத்தி எடுத்துக் குத்தவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருஷம், பங்குனி மாதம், மானாம்பதிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், ஏரிக்கரை அம்மன் கோயில் வாசலில், கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தான். அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஏரியில் தண்ணீர் குறைவு. கூட்டம் கூடி நாள் குறிக்கிற வரைக்கும் மதகைத் திறப்பதில்லை என்று ஏரிப் பாசனத்தில் நிலம் உள்ள ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தோம். மதகு ஷட்டருக்குப் பூட்டு உண்டு. அதன் சாவி மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் இருந்தது. ஒருநாள் காலை பத்து மணிக்கு ஏரிக்குக் கீழே முதல் வயலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. முதல் வயல் எங்களுடையது.

கிருஷ்ணசாமி அதற்கு முந்தின வருஷம் மூர் மார்க்கெட்டில் ஒரு பித்தளைத் தொலைநோக்கி வாங்கி வந்திருந்தான். முன்பக்கக் கண்ணாடி ஒரு சொம்பின் வாய் அளவு இருக்கும். "வாய் எவ்ளோ பெருசோ அவ்ளோ தூரம் தெரியும்" என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டுவான். தன் மெத்தை வீட்டு மாடியில் மூன்று கால் வைத்து அதை நிறுத்தி, கடலைக் காட்டையும் ஏரியையும் பார்த்துக்கொண்டிருப்பான். அன்றைக்கும் பார்த்திருக்கிறான்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றான் கூட்டத்தில். "ஷட்டர் மேல குனிஞ்சிக்கினு இருந்தான். கட்டியிருந்தது கத்தரிப்பூக் கரை. பூட்டு உடையல. சாவி யாரு வூட்ல கீது? அந்தக் கரைய யாரு கட்றாங்க? நான் வேற பேரு சொல்லணுமா?"

நான் அன்று உத்திரமேரூர் தாலுக்கா ஆபீசில் இருந்தேன். அதற்குச் சாட்சி இருந்தது. என் தம்பி வேதகிரி தனியாகக் களத்தில் இருந்தான். அதற்குச் சாட்சி இல்லை.

தண்டனை சொன்னார்கள். மூன்று வருஷத்துக்கு எங்கள் வயலுக்கு முறைத் தண்ணீர் கிடையாது. சாவி கிருஷ்ணசாமி வீட்டுக்குப் போகும். வேதகிரி கோயில் வாசலில் ஊர் முன்னால் விழுந்து எழ வேண்டும். அவன் விழுந்தான். எழுந்தபோது வேட்டியெல்லாம் செம்மண். அந்த வேட்டியை அன்றே அவிழ்த்து மடித்து மனைவி ஜெயம்மாளிடம் கொடுத்தான். பிறகு கட்டவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டைக்குக் காவல் இருக்கப் போனான். எழுபத்து ஏழில் மஞ்சள் காமாலை வந்து அங்கேயே செத்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் ஜெயம்மாள் என் முன்னால் வந்து நின்றாள். "மாமா, அவரு பேரத் திருப்பி வாங்கிக் குடுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்" என்றாள்.

நான் ஒவ்வொரு நாளும் கத்தரிப்பூக் கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு கிருஷ்ணசாமி வீட்டு வாசல் வழியாக நடந்தேன். பிள்ளைகள் "திருட்டுக் கரை" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். வேறு தெரு வழியாகப் போயிருக்கலாம். போகவில்லை. அவன் குடும்பம் அதே மண்ணில் விழுந்து எழுவதைப் பார்க்காமல் நான் சாவதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்தொன்றில் எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். காஞ்சிபுரத்தில் சேட்டு என்பவர் வைத்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி கொடுத்தார்கள். சோடா பாட்டிலின் அடியைப் போலத் தடிமன். போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒருவர் வெள்ளை வேட்டியோடு நின்றார். நேராகப் பார்த்தால் வெறும் வெள்ளை. தலையைத் திருப்பாமல் கண்ணாடியின் ஓரத்தால் பார்த்தேன். வேட்டியின் விளிம்பில் கத்தரிப்பூக் கரை ஓடியது.

எழுந்து போய் அந்த வேட்டியைத் தொட்டுப் பார்த்தேன். அந்த மனிதர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். கரை இல்லை.

"சேட்டு, இது இன்னா கூத்து?" என்றேன்.

"தடிக் கண்ணாடிங்க ஐயா. ஓரத்துல வெளிச்சம் கலர் கலராப் பிரிஞ்சிடும். வெள்ளைத் துணி, பின்னால இருட்டு, அப்டி இருந்தா நல்லாத் தெரியும். நடுவால பாருங்க, தெரியாது" என்றார். நடுவில் ஓட்டை போட்ட ஒரு கறுப்பு அட்டையை எடுத்து என் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். "இப்ப எப்டி ஓரத்தால பாப்பீங்க? ஓரத்த அடைச்சாச்சி இல்ல."

கடை கொஞ்சம் இருண்டது. ஆனால் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையில், அதுவரை கரைந்து கிடந்த கடைசி வரி, கல்லில் வெட்டியது போல நின்றது.

"பெரிய தூரக்கண்ணாடில கூட இப்டி ஆவுமா?"

"மட்டக் கண்ணாடியா இருந்தா கண்டிப்பா ஆவும். வாய் பெருசா இருக்க இருக்க வெளிச்சம் நெறைய வரும், கூடவே இந்தக் கோளாறும் வரும். வாயச் சின்னதாக்கினா வெளிச்சம் கொறயும், உருவம் சுத்தமாவும். பகல்ல வெளிச்சத்துக்கு இன்னா பஞ்சம்?"

கடைக்கு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். ஏழு வருஷமாக நெஞ்சில் கிடந்ததற்கு அன்றைக்குத்தான் கைப்பிடி கிடைத்தது.

ஆனாலும் கேள்விப்பட்டதை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நிற்க நான் கிருஷ்ணசாமி இல்லை. சேட்டிடம் மட்டமான பெரிய கண்ணாடி ஒன்றும், கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் வைத்துக்கொள்ளும் கண்ணாடி ஒன்றும் வாங்கி, அட்டைக் குழாயில் இரண்டு முனையிலும் ஒட்டினேன். அதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். கிருஷ்ணசாமியின் மெத்தை வீடு தலைகீழாகத் தொங்கியது. அதற்காகவே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்கள் கொல்லைக் கோடியில் வெள்ளை வேட்டி ஒன்றைப் புளியமர நிழலுக்கு முன்னால் காயப்போட்டுப் பார்த்தேன். கரை வந்தது. நாலு பக்கமும் வந்தது. எங்கள் வேட்டிக்கு இரண்டு பக்கம்தான். ஆள் கட்டியிருந்தால் இதெல்லாம் யார் கவனிப்பார்கள்? அட்டைகளில் ஓட்டை வெட்டி முன்வாயில் வைத்தேன். எலுமிச்சம்பழம் அளவு ஓட்டை வைத்தபோது கரை மெலிந்தது, போகவில்லை. எட்டணாக் காசு அளவு வைத்தபோது போயிற்று. வேட்டியின் மடிப்பு, கொடிக் கயிற்றின் முறுக்கு எல்லாம் தெரிந்தன. புளியங்கொட்டை அளவு வைத்தால் ஒரேயடியாக இருட்டு; உருவமும் திரும்ப மங்கியது. ஆகவே எட்டணா. அந்த அட்டைக்கு விளக்குக் கரி பூசி, கட்டுவதற்கு நாடா தைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

ஜெயம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்திரண்டு மாசியில் மதகு திறக்க நாள் குறிக்கும் கூட்டம் வந்தது. முதல்நாள் நீர்க்கட்டி ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஏரித் தண்ணீரை வயல் வயலாகப் பிரித்துவிடுகிற வேலை அவன் குடும்பத்துடையது. வந்து வாசலுக்கு வெளியே நின்றான்.

"நாளைக்குக் காலைல ஒம்போதர மணிக்கு, ஷட்டர் பூட்டு மாட்டிக்கினு கீது, வந்து பாருன்னு கோபால மதகுக்குக் கூப்ட்டுக்கினு போ. பத்து மணி வரைக்கும் அங்கியே வெச்சிக்க" என்றேன். கோபால் கிருஷ்ணசாமியின் ஒரே மகன். சாவியை அவன்தான் வைத்திருந்தான்.

ஏகாம்பரம் என்னையே பார்த்தான். "எதுக்கு நைனா?"

"எதுக்குன்னு கேக்கற வழக்கம் எப்ப வந்திச்சி?"

"இல்ல நைனா. அன்னிக்கி நான் வந்தப்ப..."

"சொன்னதச் செய்" என்றேன். போய்விட்டான்.

மறுநாள் அம்மன் கோயில் முன்னால் ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். கிருஷ்ணசாமி வழக்கம்போலத் தொலைநோக்கியோடு வந்திருந்தான். சாவி போலவே அதுவும் அவனுக்கு ஒரு பதவி. ஏரிக்கரை அங்கிருந்து வளைந்து போய், நாலு பர்லாங்கு தள்ளி மதகில் முடியும். மதகுக்குப் பின்னால் பனந்தோப்பின் கருநிழல். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பெண்கள் ஒருபக்கம் நின்றார்கள். ஜெயம்மாளும் நின்றாள்.

கூட்டத்துக்குத் தலைவர் சின்னராசு. யார் பக்கமும் சாயாத கிழவர். அவர் பேசி முடித்ததும் நான் எழுந்தேன். எட்டு வருஷத்தில் கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"தண்ணி கொறவா கீது. திரும்பவும் யாராவது திருடினா இன்னா பண்றது? கிருஷ்ணசாமிகிட்ட குழா கீது. அத இங்கியே நட்டு, மதகைக் காவல் பாக்கட்டும்" என்றேன்.

கிருஷ்ணசாமி சிரித்தான். "பாத்தியா சின்னராசண்ணா? எந்த வூட்டுக்காரன் காவலு கேக்கறான் பாரு! எலி போயி பூனைய வேலைக்கு வெக்கச் சொல்லுது!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். அவன் தொலைநோக்கியை நிறுத்தி, மதகுப் பக்கம் திருப்பி, கண்ணை வைத்தான். உடனே துள்ளினான்.

"ஐயோ, அநியாயத்த! இப்பவே ஒருத்தன் ஷட்டர் மேல குனிஞ்சிக்கினு கீறான்யா!"

கூட்டம் எழுந்தது. சின்னராசு கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "யாரு? தெரியுதா?"

"மூஞ்சி கானல்ல கலங்குது. முதுகு காட்றான். தலைல துண்டு. ஆனா வேட்டி..." அவன் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்! "கத்தரிப்பூக் கரை! சபாபதி, இப்ப யார அனுப்பிச்ச? தம்பிதான் போயிட்டானே, கூலிக்கு ஆளு புடிச்சியா?"

பெண்கள் பக்கம் திரும்பி ஜெயம்மாளை ஒருமுறை பார்த்தேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லு" என்றேன்.

"பாத்துட்டேன்யா."

"கற்பூரம் கொளுத்துவியா?"

"ஒண்ணு இன்னா, பத்து கொளுத்தறேன்!" பூசாரித் தட்டில் இருந்த கற்பூரத்தை அவனே எடுத்தான். கொளுத்தினான். கையை நீட்டினான். "மதகுல நிக்கறவன் கத்தரிப்பூக் கரை கட்டிக்கினு கீறான். தண்ணி திருடறான். இது சத்தியம்." எட்டு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே இடம், அதே குரல்.

"தண்டனை?"

"அன்னிக்கி இன்னாவோ அதான் இன்னிக்கும். மூணு வருஷம் தண்ணி கெடயாது. குடும்பத்துப் பெரியவன் இங்க உழுந்து எழுந்திருக்கணும். இந்த வாட்டி நீதான் உழணும்."

"எல்லாரும் கேட்டீங்களா?" என்றேன். கேட்டோம் என்றார்கள்.

இடுப்பிலிருந்து கரி பூசிய அட்டையை எடுத்தேன். தொலைநோக்கியின் முன்வாயில் வைத்து நாடாவைக் கட்டினேன்.

"யோவ், கண்ண அடைச்சா எப்டித் தெரியும்?" என்று கத்தினான் கிருஷ்ணசாமி. "ஓட்ட அட்டைய வெச்சி மந்திரம் பண்றான் பாரு!"

"சின்னராசண்ணா, நீங்க பாருங்க" என்றேன்.

அவர் குனிந்தார். "இருட்டாக் கீதேப்பா."

"கண்ணு பழகட்டும். அந்தத் திருகைக் கொஞ்சம் திருப்புங்க."

திருப்பினார். வாயைத் திறந்தபடியே நின்றார். "ஆமா. இருட்டுதான். ஆனா சுத்தமாக் கீது. கரையே இல்லியேப்பா! வெறும் வெள்ள வேட்டி. பக்கத்துல ஏகாம்பரம் நிக்கறான். இவன் திரும்பறான்... துண்ட அவுத்து மொகத்தத் தொடைக்கறான்..." சட்டென்று நிமிர்ந்தார். "கிருஷ்ணசாமி, இது நம்ம கோபாலு."

கிருஷ்ணசாமி அவரைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தான். நாங்கள் எல்லோரும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அட்டையை அவிழ்த்தேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். திரும்பக் கட்டினேன். அவிழ்த்தேன். கரை வந்து வந்து போயிருக்கும். மூன்று முறை செய்தேன். ஒரு முறை போதும். மற்ற இரண்டும் வேதகிரிக்காக.

"கண்ணாடி கோளாறு" என்றான் கடைசியில், கண்ணை எடுக்காமலே. "கண்ணாடி தப்பாக் காட்டினா நான் இன்னா பண்ணுவேன்?"

"கண்ணாடி கற்பூரம் கொளுத்தல" என்றேன்.

கோபால் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் நடந்து வந்தான். என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரோ சொன்னார்கள். அப்பனுக்குப் பதிலாகத் தான் விழுகிறேன் என்று முன்னால் வந்தான். "நவுறு. சத்தியம் பண்ணவன் உழணும்" என்றேன். சின்னராசு என்னிடம் மெதுவாக, "வயசானவன்பா, உட்டுடு" என்றார். "என் தம்பிக்கு வயசாவவே இல்ல" என்றேன்.

கிருஷ்ணசாமி விழுந்தான். எழுவதற்கு நேரமாயிற்று. வேட்டியெல்லாம் செம்மண். நான் கையை மார்பில் கட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்தேன். வேதகிரி குற்றமற்றவன் என்று கூட்டம் சொன்னது. சாவியை என் கையில் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து சாவியை ஜெயம்மாளிடம் நீட்டினேன். "சாமி ரூம்ல வெய்யி. அவன் பேரு வந்திடுச்சி" என்றேன்.

அவள் வாங்கிக்கொண்டாள். உள்ளே போகவில்லை.

"கரை இல்லாத வேட்டின்னா, அன்னிக்கி மதகுல நின்னது யாரு மாமா?"

நான் துண்டை உதறிக் கொடியில் போட்டேன்.

"ஏகாம்பரம்தான. ஷட்டருக்கு அடில கல்லு மாட்டிக்கினு, மூடாம தண்ணி கசிஞ்சிது, கடப்பாரையால எடுத்துக்கினு இருந்தான். பொண்ணு நிச்சயத்துக்கு நம்ம குடுத்த வெள்ள வேட்டியக் கட்டிக்கினு இருந்தான். முனியம்மா எங்கிட்ட சொல்லிட்டா." முனியம்மாள் ஏகாம்பரத்தின் மனைவி. "அன்னிக்கி சாயந்திரமே அத சொல்றதுக்கு நம்ம வாசலுக்கு வந்தான் இல்ல?"

வந்தான். நான்தான் நின்றேன் நைனா, கூட்டத்தில் வந்து சொல்கிறேன் என்றான். எங்கள் வீட்டு மானத்துக்கு நீ சாட்சியாடா, நாங்கள் போட்ட வேட்டியும் எங்கள் கரையும் ஒன்றாடா என்று கேட்டு விரட்டினேன். கரை இல்லாத வேட்டியில் கரை எப்படித் தெரியும் என்று அன்றைக்கு யார் நம்பியிருப்பார்கள்? நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் நம்ப மாட்டார்கள் என்பதற்காக நான் அவனை விரட்டவில்லை. அது ஜெயம்மாளுக்கும் தெரியும்.

"அவரு காதுல கூட அத நீங்க போடல" என்றாள். "கிருஷ்ணசாமி இன்னிக்கி உழுந்துட்டாரு. நீங்க?"

அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் விடிந்ததும் சாவியைத் தாம்பூலத் தட்டில் வைத்துக்கொண்டு காலனிக்கு நடந்தே போய் முனியம்மாள் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். என்னிடம் கேட்கவில்லை. ஊர் கேட்டபோது, "எங்க வூட்டுச் சாவி. எங்க வேணா வெப்போம்" என்றாள். எங்கள் வீட்டுப் பெண் கொடுத்ததைத் திருப்பி வாங்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. நானும் ஆமாம் என்றேன்.

இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் ஏகாம்பரம் வாசலுக்குத்தான் போக வேண்டும். கிருஷ்ணசாமிக்கு மூன்று வருஷம் முறைத் தண்ணீர் கிடையாது. ஆனால் அந்தச் சித்திரையிலேயே, நாற்றங்காலுக்கு மட்டுமாவது விடு என்று கேட்க அவன் வந்தான். மெத்தை வீட்டுக்காரன் கூரை வீட்டு வாசலில் குடையைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

நான் அதைக் கேள்விப்படவில்லை. பார்த்தேன். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்; எங்கள் வயலுக்கு நாள் கேட்க. நான் கிளம்பும்போது ஜெயம்மாள் வாசலில் நின்று, தெரு திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நிற்கிறாள்.

ஏகாம்பரம் வெளியே வந்தான். இரண்டு பேரையும் பார்த்தான். "உக்காருங்க" என்று கயிற்றுக் கட்டிலைக் காட்டினான். நைனா என்று சொல்லவில்லை.

கிருஷ்ணசாமி உட்கார்ந்தான். நான் உட்காரவில்லை. கத்தரிப்பூக் கரை மண்ணில் படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாரு மொதல்ல வந்தது?" என்றான் ஏகாம்பரம்.

"நான்" என்றேன்.